ஸ்டேக்ஹோல்டர்களை வகைப்படுத்துவது எப்படி? ஓர் ஏரி சீரமைப்பை வைத்து முழுமையான வழிகாட்டி

ஸ்டேக்ஹோல்டர் என்பதைப் 'பங்குதாரர்' என்று மொழிபெயர்த்த உடனேயே பாதி ஆட்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். பங்குதாரர் என்றால் நம் காதுக்குப் பணம் போட்டவர், லாபத்தில் பங்கு கேட்பவர். திட்ட மேலாண்மையில் இந்தச் சொல் அதைவிட அகலமானது. திட்டத்தால் பாதிக்கப்படுபவர், திட்டத்தைப் பாதிக்கக்கூடியவர், பாதிக்கப்படப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் ஆகிய மூன்று வகையினரும் இதற்குள் வருவார்கள். மூன்றாமவரின் பயம் ஆதாரமில்லாததாகவே இருக்கலாம். ஆனாலும் அவர் நீதிமன்றத்தில் வாங்கும் தடையாணை உண்மையான தடையாணைதான்.

மென்பொருள் திட்டத்தை வைத்து இதை விளக்கும் கட்டுரைகள் ஏராளம். இங்கே ஏரியை எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள், கண்மாய்கள் இருக்கின்றன. ஒன்றைத் தூர்வாரத் தொடங்கினாலே எத்தனை விதமான ஆட்கள் வந்து நிற்பார்கள் என்பது கிராமத்தோடு தொடர்புள்ள எவருக்கும் தெரியும். நம் மாதிரி ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலம், 60 ஹெக்டேர், ஏறத்தாழ 150 ஏக்கர். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை இரண்டு, ஏரி நிறைந்ததும் உபரி நீர் வழியும் கலிங்கு ஒன்று, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஒன்று. உபரி நீர் கீழே இன்னோர் ஏரிக்குப் போகிறது. 10 ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் வண்டல் எடுப்பது, இடிந்து தாழ்ந்துபோன கலிங்கைப் பழைய மட்டத்துக்குக் கட்டுவது, மடைகளைப் பழுதுபார்ப்பது ஆகியவை வேலை. ஊர் கற்பனை, சிக்கல்கள் கற்பனையல்ல.

முதல் படி: ஆட்களைத் தேடுமுன் மாற்றங்களை எழுதுங்கள்

பெரும்பாலானோர் நேரே பெயர்ப்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் ஏற்கெனவே தெரிந்த பெயர்கள்தான் வரும்: ஆட்சியர், பொறியாளர், ஊராட்சித் தலைவர், ஒப்பந்ததாரர், 'விவசாயிகள்'. அதற்குப் பதிலாக, திட்டம் முடிந்த பின் தரையில் என்னென்ன மாறியிருக்கும் என்று முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து கேள்வி: யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், யார் கையெழுத்து வேண்டும், யார் நிறுத்த முடியும், முடிந்த பிறகு யார் பராமரிப்பார்.

வண்டலையே எடுத்துக்கொள்வோம். 10 ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் என்றால் 30,000 கன மீட்டர். தோண்டிய மண் உப்பும். கால் பங்கு கூடுகிறது என்று வைத்தாலும் 37,500. டிப்பர் ஒன்றில் 6 கன மீட்டர் போனால் 6,250 நடை. 60 நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு நூறு நடைக்கு மேல். போக வர இருநூறு தடவை ஒரே தெருவில் லாரி ஓடும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எந்த மாதிரிப் படிவத்திலும் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் மட்டுமே கண்ணில் படுகிறார்கள்.

இன்னொரு விஷயம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எடுக்கும் வண்டலால் பாசனத்துக்கு ஒரு சொட்டு நீர் கூடப் போவதில்லை. அந்த நீர் தானாக மடை வழியே வெளியேறாது. அங்கே தேங்குவது மீனுக்கும், கால்நடைக்கும், ஊறிச் சென்று கிணறுகளுக்கும் பயன்படும். ஆக 'தூர்வாருதல்' என்ற ஒரே சொல்லுக்குள், எந்த ஆழத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, லாபம் அடைபவர் மாறிவிடுகிறார். பொறியாளர் தயாரிக்கும் வேலை மதிப்பீட்டிலுள்ள குறுக்குவெட்டுப் படத்தைப் பார்க்காமல் ஸ்டேக்ஹோல்டர் பட்டியல் போடக்கூடாது என்பது இதனால்தான்.

இரண்டாம் படி: நடந்து எடுங்கள், பிறகு காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

வரத்துக் கால்வாயின் தலைப்பில் தொடங்கி, கரை மீது நடந்து, இரண்டு மடைகளின் வாய்க்கால் வழியே கடைமடை வரை, அதாவது தண்ணீர் கடைசியாகச் சேரும் வயல்கள் வரை போய், கலிங்கிலிருந்து உபரி நீர்ப் பாதையில் கீழ் ஏரி வரை செல்லுங்கள். அரை நாள் பிடிக்கும். வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டியை உடன் அழைத்துப் போவது முக்கியம். நீர்பாய்ச்சி, மடைக்காரர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் போகிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது.

வழியில் பார்க்கும் ஒவ்வொரு பயன்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏரிக்குள் ஊராட்சியின் குடிநீர்க் கிணறு, சமூகக் காடு வளர்ப்பில் நட்ட கருவேல மரங்கள், துணி துவைக்கும் படித்துறை, கரையோரக் கோயில், ஆட்டுக் கிடை, நீர்ப்பரப்பின் ஓரத்தில் உழுது போட்ட நிலம், மண்பாண்டத்துக்கு மண் எடுத்த குழி. ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்.

பிறகு காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு (எந்த நிலம் யாருடையது), அடங்கல் (எதில் என்ன பயிர்), புலப்படம் (நில அளவை வரைபடம்). மீன் குத்தகை ஆணை. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின், அதாவது பாசன சங்கத்தின், உறுப்பினர் பட்டியல் (இந்தச் சங்கங்களுக்கு அடிப்படை 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம்). ஏரி யாருடைய பொறுப்பு என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. நம் ஏரி 60 ஹெக்டேர் என்பதால் கையெழுத்து அதிகாரம் நீர்வளத் துறையிடம்.

முதல் சுற்றில் முப்பது, நாற்பது பெயர்கள் வருவது இயல்பு. பத்தோடு நின்றுவிட்டால் நீங்கள் நடக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: கூட்டத்தைப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 'விவசாயிகள்' என்று ஒரு வரி எழுதி அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கட்டங்களும் பொய்யாகிவிடும்.

நம் ஏரியில் விவசாயிகள் குறைந்தது நான்கு வகை. மேல்மடையில் சொந்தக் கிணறு உள்ளவர்: ஏரி நிறைந்தால் கிணறு ஊறும், நிறையாவிட்டாலும் மோட்டார் இருக்கிறது, கூட்டத்துக்கு வரமாட்டார். ஆனால் வாய்க்கால் அவர் நிலத்தின் வழியேதான் போகிறது. கடைமடையில் கிணறு இல்லாதவர்: ஏரித் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் தரிசு. நீர்ப்பரப்பின் ஓரத்தில் பட்டா நிலம் வைத்திருப்பவர்: கலிங்கு தாழ்ந்திருந்த வரை அவர் நிலம் காய்ந்திருந்தது, பழைய மட்டத்துக்குக் கட்டினால் மூழ்கும். அதே ஓரத்தில் பட்டா இல்லாமல் ஏரி நிலத்தில் பயிர் செய்பவர்: வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வயல்காரர் மாதிரியே தெரிவார். அளவையர் வந்து கல் நடும் வரை பின்னிரண்டு பேரையும் பிரிக்க முடியாது, அதனால் அளவையை வகைப்படுத்தலுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

எப்போது பிரிப்பது, எப்போது சேர்ப்பது? ஒரே முடிவு இருவருக்கும் எதிரெதிர் விளைவு தந்தால் பிரியுங்கள். எல்லா முடிவிலும் ஒரே பக்கம் நிற்பவர்களைச் சேருங்கள். இப்படிச் செய்தால் நாற்பது பெயர்கள் பதினைந்து, இருபது வரிகளாகச் சுருங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் யாரும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கமாட்டார்கள்.

துறைகளுக்கும் இதே விதி. 'வருவாய்த் துறை' என்று எழுதாதீர்கள். வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர், அளவையர் மூவரும் மூன்று வரி. மூவரிடமும் கேட்க வேண்டியது வேறு வேறு.

நான்காம் படி: மதிப்பெண்

வலு, அக்கறை இரண்டுக்கும் 1 முதல் 5 வரை. 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கொள்வார்கள். அதனால் எண்ணுக்கு எண் பொருளை முதலிலேயே கட்டிவிடுங்கள்.

வலு 5 என்றால் தனி ஆளாக ஒரே நாளில் வேலையை நிறுத்த முடியும். 4 என்றால் தனியாக ஒரு மாதமாவது தாமதப்படுத்த முடியும்; தடையாணை, வழி மறுப்பு போன்றவை இங்கே வரும். 3 என்றால் பிறரோடு சேர்ந்தால் முடியும். 2 என்றால் புகார் கொடுத்துப் பதில் வாங்கலாம், அவ்வளவே. 1 என்றால் அதுவும் இல்லை.

வலு பல வடிவில் வரும்: கையெழுத்து, பணம், தடை, தகவல், குரல். பதவியை மட்டும் பார்த்துப் போட்டால் முதல் இரண்டோடு நின்றுவிடுவோம்.

அக்கறைக்கு அளவுகோல் பிழைப்பு. 5 என்றால் திட்டத்தின் முடிவில் அவர் ஆண்டு வருமானமோ அன்றாட வாழ்வோ தொங்கிக்கொண்டிருக்கிறது. அதிகாரியானால் அவர் நேரடிப் பொறுப்பே இதுதான். 3 என்றால் ஒரு பகுதி. 1 என்றால் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒன்றுதான். கூட்டத்தில் யார் அதிகம் பேசுகிறார் என்பதை வைத்து இதை அளக்காதீர்கள். ஆடு மேய்ப்பவர் வாய் திறந்திருக்கவே மாட்டார்.

இருவர் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். ஒருவர் அலுவலகத்தவர், இன்னொருவர் களத்தவர். இரண்டுக்கும் மேல் வித்தியாசம் வரும் வரிகளை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஒருவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மற்றவருக்குத் தெரியவில்லை என்பதைத்தான் அந்த வித்தியாசம் காட்டுகிறது.

நம் ஏரிக்கு, வேலை தொடங்கும் முன் மே மாதத்தில் போட்ட மதிப்பெண் இப்படி இருக்கலாம்:

| யார் | வலு | அக்கறை |
|---|---|---|
| நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் | 5 | 5 |
| பாசன சங்கத் தலைவர் | 4 | 5 |
| கிணறுள்ள மேல்மடை விவசாயி | 4 | 2 |
| கிணறில்லாத கடைமடை விவசாயி | 2 | 5 |
| ஓரத்துப் பட்டாதாரர் | 4 | 5 |
| பட்டா இல்லாமல் பயிரிடுபவர் | 4 | 5 |
| மீன் குத்தகைதாரர் | 4 | 4 |
| நீர்க்கட்டி | 2 | 5 |
| கீழ் ஏரியின் சங்கம் | 3 | 3 |
| லாரி போகும் தெரு | 3 | 1 |
| ஆடு, மாடு மேய்ப்பவர் | 1 | 4 |

ஐந்தாம் படி: நான்கு கட்டம்

வலுவை நெடுக்கிலும் அக்கறையை கிடையிலும் வைத்துச் சதுரம் வரைந்து நான்காகப் பிரியுங்கள். 4-ம் அதற்கு மேலும் 'அதிகம்'. 3-ல் நிற்பவர்களைக் கோட்டின் மேல் உட்காரவிடாமல் ஏதாவது ஒரு பக்கம் தள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மேல்பக்கம்.

வலு, அக்கறை இரண்டும் அதிகமானவர்களை மதிப்பீடு இறுதியாகும் முன்பே உள்ளே இழுக்க வேண்டும். கலிங்கின் உயரம் முடிவான பிறகு ஓரத்துப் பட்டாதாரரிடம் போய் 'கருத்து' கேட்பது வீண்வேலை.

வலு அதிகம், அக்கறை குறைவு: கிணறுள்ள மேல்மடைக்காரர். மாதந்தோறும் கூட்டத்துக்கு அழைத்துச் சலிப்பேற்றாதீர்கள். அவரிடமிருந்து நமக்கு வேண்டியது என்ன, வாய்க்கால் கரையில் இயந்திரம் போக ஒப்புதல். அதை மட்டும், அறுவடை முடிந்த கையோடு, அவர் வீட்டு வாசலில் கேளுங்கள்.

இரண்டும் குறைந்தவர்களைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்.

வலு குறைவு, அக்கறை அதிகம் என்ற கட்டத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் மருந்து 'தகவல் தெரிவித்துக்கொண்டிருங்கள்' என்பது. ஏரி விஷயத்தில் இந்த மருந்து வேலை செய்யாது. இந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள்: கடைமடைக்காரர், நீர்க்கட்டி, மேய்ப்பவர். யாருக்காகத் திட்டம் என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதோ அவர்களில் பலர் இங்கேதான் இருக்கிறார்கள். நான்கு கட்டத்தோடு வகைப்படுத்தலை முடித்துக்கொள்பவர்கள் இவர்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குத்தான் அடுத்த படி.

ஆறாம் படி: வலு, நியாயம், அவசரம்

மிட்செல், ஏகிள், வுட் ஆகிய மூவர் 1997-இல் முன்வைத்த முறை இது. ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி, 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் பதில். திட்டத்தை வளைக்க வலு உண்டா? கேட்பதில் நியாயம் உண்டா? காத்திருக்க முடியாத அவசரம் உண்டா?

வலு மட்டும் இருப்பவர் உறங்குபவர்; எழுப்பும் காரணம் எது என்று தெரிந்து வைத்திருங்கள். நியாயம் மட்டும் இருப்பவரைக் கவனிப்பதும் விடுவதும் நம் மனதைப் பொறுத்தது. அவசரம் மட்டும் இருப்பவர் சத்தம் போடுவார், அவ்வளவுதான். வலுவும் நியாயமும் சேர்ந்தால் ஆதிக்கம் உள்ளவர். வலுவும் அவசரமும் இருந்து நியாயம் இல்லாவிட்டால் ஆபத்தானவர். நியாயமும் அவசரமும் இருந்து வலு இல்லாவிட்டால் இன்னொருவரை அண்டி நிற்பவர். மூன்றும் இருப்பவரின் கோரிக்கைக்கு முதல் இடம்.

இப்போது பழைய பட்டியலைப் பாருங்கள். ஓரத்துப் பட்டாதாரரும் பட்டா இல்லாதவரும் நான்கு கட்டத்தில் ஒரே புள்ளியில் இருந்தார்கள். இங்கே பிரிகிறார்கள். முதலாமவருக்கு மூன்றும் உண்டு. அவர் நிலம் எத்தனை நாள் மூழ்கும் என்ற கணக்கோடு பேச்சு நடத்தியாக வேண்டும். இரண்டாமவருக்குச் சட்டப்படி நியாயம் இல்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் சொல்லும் அளவை, அறிவிப்பு என்ற வழியில்தான் போக வேண்டும். இயந்திரத்தோடு நேரே போய் நிற்கும் ஒப்பந்ததாரர், அந்த ஆளின் கையில் தடையாணைக்கான காரணத்தைத் தானே கொடுத்துவிட்டு வருகிறார். பயிர் நிற்கும்போது போனால் இன்னும் மோசம்.

கடைமடைக்காரரும் நீர்க்கட்டியும் அண்டி நிற்பவர்கள். இவர்களுக்குச் செய்ய வேண்டியது தகவல் அனுப்புவதல்ல, வலு உள்ள ஒருவரோடு இணைத்துவிடுவது. சங்கத்தின் வேலைக் கண்காணிப்புக் குழுவில் கடைமடைக்கு இரண்டு இடம் ஒதுக்கி, மடை வேலை முடிந்ததற்கான ஒப்புதலில் அவர்கள் கையெழுத்தையும் நிபந்தனையாக்கினால் மதிப்பெண் 2-லிருந்து 3-க்கு ஏறும்.

நியாயத்துக்கு ஆதாரமாகப் பட்டாவும் குத்தகை ஆணையும் மட்டும் கேட்டால் நீர்க்கட்டி விழுந்துவிடுவார். அவர் உரிமை வழக்கத்தில் வந்தது. அறுவடையில் நெல்லாக வாங்கும் கூலிக்குக் காகிதம் கிடையாது. வழக்கமும் நியாயம் என்று உங்கள் அளவுகோலில் எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: இப்போது எங்கே, எங்கே வர வேண்டும்

நிலைப்பாட்டுக்கு ஐந்து படிக்கட்டு: திட்டமே தெரியாதவர், எதிர்ப்பவர், நடுநிலை, ஆதரவாளர், முன்னின்று நடத்துபவர். ஒவ்வொருவருக்கும் இப்போதைய நிலைக்கு 'இ', வர வேண்டிய நிலைக்கு 'வே' என்று குறியிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த வரிக்கு வேலை இல்லை.

எல்லாரையும் ஆதரவாளராக்க ஆசைப்படாதீர்கள். மீன் குத்தகைதாரரை எதிர்ப்பிலிருந்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால் போதும். நீரை வடித்தால் அவருக்கு நட்டம், வடிக்காமல் வண்டல் எடுக்க முடியாது. மீன்பிடி முடியும் மாதத்தைக் கேட்டு வேலைத் தொடக்கத்தை அதற்குப் பின் வைப்பது, முடியாவிட்டால் குத்தகை விட்ட அலுவலகத்திடம் காலத்தை நீட்டிக்கக் கேட்பது, இவற்றுக்கு மேல் அவருக்காக மெனக்கெட வேண்டாம்.

எட்டாம் படி: வகையை வேலையாக மாற்றுதல்

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யார் போய்ப் பேசுவது, எதைக் கேட்பது அல்லது சொல்வது, எந்தத் தேதிக்குள், எங்கே. இந்த நான்கும் காலியாக இருந்தால் மதிப்பெண் போட்ட நேரம் வீண்.

கிராம சபையை மட்டும் நம்பாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் அது கூடுவதால் மே 1-ஐ அறிவிப்புக்குப் பயன்படுத்தலாம். தீர்மானம் பதிவாகும் என்பது பெரிய பலன். ஆனால் கடைமடைக்காரர் மேல்மடைக்காரர் முன்னால் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார். அவர்களை அவர்கள் வாய்க்கால் ஓரத்திலேயே தனியாகச் சந்தியுங்கள். படித்துறை பற்றிப் பெண்களிடம் பேசப் படித்துறையே நல்ல இடம்.

பதிவேட்டில் எழுதும் நடையில் கவனம் தேவை. அரசுத் திட்டமானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் அதை யாரும் கேட்கலாம். 'பிரச்சினை பண்ணுபவர்' என்று எழுதாமல் 'கலிங்கு உயர்வால் நிலம் மூழ்கும், எதிர்ப்பு' என்று எழுதுங்கள். கூட்டத்தில் உரக்கப் படித்தாலும் சங்கடம் வராத வாக்கியமாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: திரும்பத் திரும்ப

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மண் வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும். இந்தச் சில மாதங்களிலேயே மதிப்பெண்கள் தலைகீழாகும். குறைந்தது நான்கு தடவை மறுபடி போடுங்கள்: மதிப்பீடு அனுமதியானதும், ஒப்பந்தம் கையெழுத்தானதும், லாரி ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில், ஏரி முதன்முறை நிரம்பும்போது.

லாரி ஓடும் தெருவுக்கு மே மாதத்தில் அக்கறை 1. முதல் வாரப் புழுதிக்குப் பின் 5, மறியல் செய்யத் துணிந்தால் வலு 4. தண்ணீர் தெளிப்பதும், பள்ளி விடும் நேரத்தில் லாரியை நிறுத்துவதும் முதல் நாளே தொடங்கினால் இந்த ஏற்றம் பெரும்பாலும் நடக்காது. கீழ் ஏரியின் சங்கம் மழைக்காலத்தில்தான் விழிக்கும். மேல் ஏரி முன்பைவிடக் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதால் கலிங்கு தாமதமாகத்தான் வழியும், மழை குறைந்த ஆண்டில் வழியாமலே போகலாம். இந்தக் கணக்கை ஜூனிலேயே அவர்களிடம் காட்டியிருந்தால் பேச்சு நடக்கும். நவம்பரில் காட்டினால் இரவோடு இரவாகக் கலிங்கில் உடைப்பு விழலாம்.

கடைசி மதிப்பெண் ஒப்படைப்பு நாளில். ஒப்பந்ததாரரின் வரியை அன்று அடித்துவிடலாம், வேலையில் தெரியும் குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டிய காலத்துக்கு ஒரு குறிப்பு மட்டும் போதும். நீர்க்கட்டியின் வலு 2-லிருந்து 4-க்கு ஏறும்: மடையைத் திறந்து மூடும் புதுத் திருகின் சாவி அவர் கையில்தான் இருக்கப்போகிறது. திருகை எத்தனை சுற்றினால் எவ்வளவு திறக்கும், எண்ணெய் எப்போது போட வேண்டும், பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும், அவர் கூலியைச் சங்கம் எப்படிக் கொடுக்கும் என்பதையும் அன்றே தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள்.